முற்பகலில் சேர்ந்தவர்

தீர்ப்பு நகல்தானேம்மா? இருக்கு. நாப்பத்தோரு பக்கம். தர்றேன். அந்தச் சேரை இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க, ஃபேன் காத்து அங்க வராது.

பேரு பர்வீன்னு சொன்னீங்க இல்ல? உங்க வாரியத்தையும் மூடிட்டாங்களா. எத்தனை பேரு நீங்க? இருபத்தாறா. நாங்க பதினோரு பேரு. பதினோரு பேருக்கே, மூடின நாள்ல இருந்து தீர்ப்பு வர்றதுக்குப் பதினேழு வருசம் ஆச்சு. பயமுறுத்தணும்னு சொல்லல. கேட்டீங்களேன்னு சொல்றேன்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு நிறையப் பேரு வாறாங்க. போன மாசம் விருதுநகர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. வர்றவங்க எல்லாரும் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிட்டு, "ஜெயிச்சுட்டீங்களே மேடம்"ங்கிறாங்க. ஆமா, ஜெயிச்சோம். பத்துப் பேரு ஜெயிச்சோம். மிச்சம் ஒரு ஆளைப் பத்தி பத்தொம்பதாம் பக்கத்துல ஒரே ஒரு வரி வரும். "பிற்பகலில் பணியேற்ற ஒருவர் இம்மனுவில் தரப்பினர் அல்லர்"னு. அது சலேத்தக்கா. முழுப் பேரு சலேத்மேரி.

நீங்களும் கேஸ் போடப் போறீங்க, அதனால சொல்றேன். கேட்டுக்கிட்டீங்கன்னா உங்களுக்கு உபயோகமா இருக்கும்.

அக்காவும் நானும் ஓட்டுக் கழகத்துல இருந்தோம். மானாமதுரைப் பக்கம். அரசுக் கட்டடங்களுக்கெல்லாம் ஓடும் தளக்கல்லும் செஞ்சு குடுத்த கழகம். அக்கா எம்பத்தினாலுல சேந்துச்சு. நான் எம்பத்தேழு. ரெண்டு பேரும் இளநிலை உதவியாளர். அக்காவோட அப்பா அதே கழகத்துல சூளையில ஓடு சுமந்தவரு. "எங்கய்யா தலையில சுமந்த எடத்துல நான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன் திலகம்"னு அடிக்கடி சொல்லும். எனக்கு அது பெரிசாப் பட்டதில்ல. எங்கப்பா வாத்தியாரு.

பதினோரு வருசம் எதிரெதிர் மேஜை. மத்தியானம் டப்பாவைத் திறந்தா அக்காவோட குழம்பு எனக்கு, என்னோட பொரியல் அக்காவுக்கு. கேக்கிறதே கிடையாது. அது பாட்டுக்கு டப்பாவை இங்கிட்டு நகத்தும், நான் என்னோடதை அங்கிட்டு நகத்துவேன்.

தொண்ணூத்தெட்டுல கழகத்தை மூடினாங்க. ஊரெல்லாம் கான்கிரீட் ஆயிருச்சு, ஓடு யாருக்கு வேணும்? சூளை ஆளுகளைக் கணக்குத் தீத்து அனுப்பிட்டாங்க. ஆபீஸ் ஆளுக பதினோரு பேரை மட்டும் சிவகங்கையில ஒரு துறையில சேத்துவிட்டாங்க. எந்தத் துறைன்னு வேணாம்மா. பென்சன் வாங்குறேன்.

ஆர்டர்ல ஒரு வரி போட்டிருந்தாங்க. பழைய சர்வீஸ் பென்சனுக்கு உண்டு, சீனியாரிட்டி பின்னர் முடிவு செய்யப்படும்னு. 'பின்னர்'ங்கிற அந்த வார்த்தையை அன்னைக்கு யாரும் படிக்கல. வேலை போகலைங்கிற சந்தோசம். உங்க ஆர்டர்ல என்ன போட்டிருக்கு? பையில இருக்கா? அப்புறம் காட்டுங்க.

ஆகஸ்ட் மூணாந்தேதி, திங்கக்கிழமை. பதினோரு பேரும் ஒரே பஸ்ல சிவகங்கை போனோம். எனக்கு அப்ப ஏழு மாசம். ரெண்டாவது பிள்ளை, மூத்தவளுக்குப் பிறகு ரொம்ப நாள் கழிச்சு உண்டானது. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. அங்க சூப்பிரண்டு கண்ணாயிரம் சாரு. நல்ல மனுசன். "சர்டிஃபிகேட் எல்லாத்தையும் எடுத்து வைங்க. ரெஜிஸ்டர் மேல ஆபீசர் ரூம்ல இருக்கு, வந்ததும் வரிசையாக் கையெழுத்துப் போடலாம்"னாரு. நான் ஃபைலைத் திறந்து பாக்குறேன், விடுவிப்பு ஆணை இல்ல. பழைய எடத்துல இருந்து விட்டுட்டோம்னு குடுப்பாங்கல்ல, அது இல்லாம புது எடத்துல எடுக்க மாட்டாங்க. முந்தின நாள் ராத்திரி சாமி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டேன். அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.

எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு ஸ்கூலுக்குப் போயிருப்பாரு. அப்ப செல்போனா இருந்துச்சு? நானே போயி எடுத்துட்டு வந்துர்றேன்னு எந்திரிச்சேன். அக்கா என் தோளைப் புடிச்சு உக்கார வெச்சிருச்சு.

"ஏ, வயித்தைத் தள்ளிக்கிட்டு நீ எங்க கிளம்புற? சாவி எங்க இருக்கு?"

"பக்கத்து வீட்டுல இருக்குக்கா. நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போக்கா."

"ரெஜிஸ்டர் எப்ப வருமோ. பத்தரை பஸ்ஸை விட்டா அடுத்தது பன்னெண்டுக்குத்தான். வந்து போட்டுக்கிறேன், அது எங்க ஓடிரப் போகுது?"

போயிருச்சு.

ரெஜிஸ்டர் பதினோரு மணிக்கு வந்துச்சு. ஒவ்வொருத்தராப் போட்டாங்க. நான் ஓரமா நின்னேன். கண்ணாயிரம் சாரு பாத்துட்டு, "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு எதுக்கு நிக்கிற? ஆணை வர்றப்ப வரட்டும், நீ கையெழுத்தைப் போடும்மா"னாரு. போட்டேன். பக்கத்துல அவரே 'மு.ப.'ன்னு எழுதினாரு.

அக்கா வந்தப்ப மணி ஒண்ணரை. வேர்த்து வடியுது. ஆணையை எங்கிட்ட நீட்டுச்சு. மேல விபூதி உதுந்து கிடந்துச்சு. "தட்டிவிடல, அப்படியே கொண்டாந்துட்டேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் சாமிகிட்டப் போனேன்"னுச்சு. அது வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போறவங்க, அதுக்காகச் சொல்லுச்சு. அப்புறம் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுச்சு. சாரு 'பி.ப.'ன்னு எழுதினாரு. யாரும் ஒண்ணும் நினைக்கல. நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? சேந்தாச்சு. அதே நேரத்துல தேர்வாணையத்துல பாஸ் பண்ண சின்னப் பிள்ளைங்க ஏழு பேரு காலையில ஆர்டர் வாங்கிட்டு ஒண்ணா வந்து சேந்தாங்க. அவங்களுக்கும் 'பி.ப.' அவங்க வாங்கிட்டு வந்த இனிப்பை நாங்களும் தின்னோம்.

அதுக்கப்புறம் ஆறு வருசம் ஒண்ணுமில்ல. ரெண்டாயிரத்தி நாலுல நோட்டீஸ் போர்டுல சீனியாரிட்டி லிஸ்ட் ஒட்டினாங்க. அந்த ஏழு பேரும் ஒண்ணுல இருந்து ஏழு. நாங்க அதுக்குக் கீழ. எட்டாவது சலேத்தக்கா. பன்னெண்டாவது நான். அந்தப் பிள்ளைங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே... இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது, பள்ளிக்கூடம் போறப்பவே நாங்க சர்க்கார் சம்பளம் வாங்கினவங்க. அவங்க எங்களுக்கு மேல. நாளைக்கு அவங்க சூப்பிரண்டு ஆவாங்க, நாங்க எந்திரிச்சு நிக்கணும்.

உங்களுக்குப் புரியும். வெளியாளுக்குச் சொன்னா, சம்பளம் வருதுல்ல அப்புறம் என்னம்பாங்க. எங்க வீட்டுக்காரரே அப்படித்தான் சொன்னாரு. ஆபீஸ்ல யாரு முந்தி, யாரு பிந்திங்கிறதுதான் ஆளு.

கேஸ் போட்டோம். மதுரையில நாகசுந்தரம்னு வக்கீல். பழைய சர்வீஸைச் சேத்து எண்ணணும்னு கேட்டோம். மனுவுல முதல் பேரு அக்காவோடது. 'சலேத்மேரி மற்றும் பதின்மர்.' ஆனா ஓடியாடினதெல்லாம் நான்தான். பேப்பரை ஒழுங்கா அடுக்குறது எனக்குத்தான் வரும். மாசத்துல ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் மதுரைக்குப் போவோம். வக்கீல் ஆபீஸ் மாடிப்படியில உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம். அக்காவுக்கு வீட்டுக்காரரு கிடையாது, தவறிட்டாரு. ஒரே பொண்ணு, ஜெனிட்டா. "ஜெனிட்டா கல்யாணப் பத்திரிகையில எம்பேருக்குக் கீழ கண்காணிப்பாளர்னு போடணும் திலகம். அது ஒண்ணு போதும். என் பத்திரிகையில எங்கய்யா பேருக்குக் கீழ சூளைத் தொழிலாளின்னு போட்டாங்க"ன்னு சொல்லும். நாலு வருசம் இப்படிப் போனோம், வந்தோம். அந்த நாலு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. கேஸ் நடக்கல, ஆனா நல்லா இருந்துச்சு.

ரெண்டாயிரத்தி ஒம்பதுல வக்கீல் கூப்பிட்டு விட்டாரு. அன்னைக்கு அக்காவுக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். வேற ஒரு கேஸ்ல தீர்ப்பு வந்திருச்சாம். மூடின நிறுவனத்துல இருந்து வந்தவங்களுக்குப் பழைய சர்வீஸ் சீனியாரிட்டிக்குச் செல்லாது, சேந்த தேதிதான் கணக்குன்னு.

"அப்ப நம்ம கேஸ் போச்சா சார்?"

"பழைய சர்வீஸைக் கேட்டா போச்சு. அதை விட்டுட்டு வேற மாதிரி கேப்போம். சேந்த நேரத்தை வெச்சுக் கேப்போம். நீங்க முற்பகல். அவங்க ஏழு பேரும் பிற்பகல். தேதி ஒண்ணா இருந்தாலும் நீங்க முந்தி. ரெஜிஸ்டர் இருக்கு. யாரும் அசைக்க முடியாது."

எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம்தான் அவரு சொன்னாரு.

"ஆனா ஒரு சிக்கல். முதல் மனுதாரர் பிற்பகல்ல சேந்திருக்காங்க. அவங்களை உள்ள வெச்சுக்கிட்டு இந்த வாதத்தை வைக்க முடியாது. நம்ம பாயின்ட்டை நம்ம ஆளே உடைச்சிருவாங்க. அவங்க விலகிக்கிறதா எழுதி வாங்கிருங்க."

மத்த ஒம்பது பேருக்கும் சொன்னேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. பத்துப் பேரா, ஒருத்தரான்னு வந்தா நீங்க என்ன செய்வீங்க? அதான்.

அக்காகிட்ட நான்தான் சொல்லணும்னாங்க. மத்தியானம் சாப்பிட உக்காந்தப்ப சொன்னேன். சோத்துல கையை வெச்சபடியே கேட்டுச்சு.

"அப்ப நான் அந்த ஏழு பேருக்கும் கீழயா?"

"ஆமாக்கா. தேர்வாணையத்துல வந்தவங்க அதே நேரத்துல சேந்தா அவங்கதான் மேலயாம்."

"பதினெட்டாவது."

"ஆமாக்கா."

சோத்துல வெச்ச கையை எடுத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு. "திலகம், நான் காலையில வந்தேன்ல. உங்ககூடத்தானே வந்தேன். சர்டிஃபிகேட்டெல்லாம் கண்ணாயிரம் சாருகிட்டக் குடுத்தேன்ல. அதை ஒரு உறுதிமொழிப் பத்திரத்துல எழுதிக் குடு. உன்னோட ஆணையை எடுக்கத்தான் போனேன்னு. ஒரு பக்கம் போதும். வக்கீல்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நியாயமாத்தான் கேட்டுச்சு. நான் இல்லைங்கல. கண்ணாயிரம் சாரு அதுக்குள்ள இறந்து போயிட்டாரு. மத்த ஒம்பது பேரும் பாத்தவங்கதான், ஆனா 'திலகவதி எழுதினா நாங்களும் எழுதுறோம்'னுட்டாங்க. எல்லாம் என் தலையில வந்து விடிஞ்சிருச்சு.

அடுத்த சனிக்கிழமை வக்கீல்கிட்டக் கேட்டேன். தனியாத்தான் போயிருந்தேன். அவரு கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு என்னைப் பாத்தாரு.

"ஏம்மா, நீங்க அப்படி எழுதினா என்ன அர்த்தம்? பதினோரு மணிக்கு உங்ககிட்ட விடுவிப்பு ஆணை இல்லன்னு அர்த்தம். ஆணை இல்லாம முற்பகல்னு எப்படிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு எதிர்த்தரப்பு கேப்பான். உங்க முற்பகல் பிற்பகல் ஆயிரும். ரெஜிஸ்டரே பொய்யின்னு வந்துட்டா மத்த ஒம்பது பேருக்கும் ஆபத்து. சலேத்மேரி அம்மாவுக்குக் கிடைக்கும்கிறதும் நிச்சயமில்ல. உங்களுக்குப் போயிரும்கிறது நிச்சயம்."

நான் என்னம்மா செய்ய? எனக்காக மட்டும்னா எழுதிக் குடுத்திருப்பேன். ஒம்பது பேரு இருக்காங்கல்ல.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பழைய வரிசையில முதல் ஆளு அக்கா. அப்புறம் மூணு பேரு, அப்புறம் நான். அக்காவுக்கு முற்பகல்னு வந்திருந்தா, பின்னால சூப்பிரண்டு போஸ்ட் காலியானப்ப அதுக்குத்தான் போயிருக்கும். அதை நான் யோசிக்கல. சத்தியமா அப்ப யோசிக்கல. வக்கீல்தான் வாசல் வரைக்கும் வந்து, "இதையும் நெனச்சுப் பாத்துக்கங்க"ன்னு சொன்னாரு. கேட்டுக்கிட்டேன். அவ்வளவுதான்.

திங்கக்கிழமை அக்காகிட்டச் சொன்னேன். "எழுத முடியாதுக்கா. கேஸுக்கு ஆபத்தாம்."

"உனக்கா, கேஸுக்கா?"

"எல்லாருக்கும்தான்க்கா."

"சரி"ன்னுச்சு. விலகிக்கிற பத்திரத்தை நான் கையோட டைப் பண்ணிக் கொண்டு போயிருந்தேன். பேனாவை நீட்டினேன். படிச்சே பாக்கல, கையெழுத்துப் போட்டுச்சு. போட்டுட்டு, "தேதி போடவா?"ன்னு கேட்டுச்சு. போடுக்கான்னேன்.

சண்டை போடலை. ஒரு வார்த்தை ஏசலை. ஏசியிருந்தா எனக்கும் நாலு வார்த்தை பேச வந்திருக்கும். மறுநாள் மத்தியானம் எப்பவும் போல எனக்கு எதிர்ல வந்துதான் உக்காந்துச்சு. டப்பாவைத் திறந்துச்சு. ஆனா நகத்தலை. அது பாட்டுக்குச் சாப்பிட்டுச்சு. நான் என் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வெச்சேன். பாத்துட்டு, "வயிறு சரியில்ல திலகம்"னுச்சு. அதுக்கப்புறம் பத்து வருசம் ஒரே ஆபீஸ். ஒரு நாளும் என் சோத்துல கை வைக்கல. வயசாகுதுல்ல, வயித்துக்குச் சேராம இருந்திருக்கும்.

நான் பொய் எழுதலம்மா. எழுதாம இருந்தேன். ரெண்டும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க. வேணாம், சொல்ல வேணாம். தண்ணி குடிக்கிறீங்களா?

ரெண்டாயிரத்திப் பதினஞ்சுல தீர்ப்பு. வக்கீல் போன் பண்ணினாரு. நான் தபால் பதிஞ்சுக்கிட்டு இருந்தேன். "ஜெயிச்சாச்சும்மா"ன்னாரு. சரி சார்னேன். போனை வெச்சேன். முதல்ல நிமிந்து எதிர் மேஜையைத்தான் பாத்தேன். 'அக்கா, ஜெயிச்சாச்சு'ன்னு வாய் வரைக்கும் வந்திருச்சு. அக்கா ஏதோ ஃபைலுக்கு டேக் கோத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் நான் குனிஞ்சு மிச்சத் தபாலைப் பதிஞ்சேன்.

சந்தோசம் வரும்னு பாத்தேன். அன்னைக்கு வரல. சரி, ஆர்டர் கைக்கு வந்தா வரும்னு இருந்தேன். லிஸ்ட் திருத்தி, அந்த ஏழு பேரு அப்பீல் போயி, அது தள்ளுபடியாகி, என் கைக்கு ஆர்டர் வர்றதுக்கு ரெண்டாயிரத்திப் பதினேழு ஆயிருச்சு. எனக்கு மேல இருந்த மூணு பேருல ரெண்டு பேரு ரிட்டயர்டு, ஒருத்தரு செத்துட்டாரு. நான் சூப்பிரண்டு. ஆர்டரை வாங்கிப் பாத்தேன். பேரு சரியா இருக்கான்னு பாத்தேன். சரியா இருந்துச்சு. ஒண்ணும் தோணலம்மா. வீட்டுக்குப் போயி ரசம் வெச்சேன்.

முதல் நாள் சூப்பிரண்டு சீட்டுல போயி உக்காந்தேன். பத்து மணிக்கு அக்கா ஒரு ஃபைலைக் கொண்டாந்துச்சு. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு.

"மேடம், இது அவசரம்னு போட்டிருக்காங்க. கையெழுத்து வேணும்."

மேடம்னு கூப்பிட்டுச்சு. முப்பது வருசம் திலகம்னு கூப்பிட்ட வாய். சீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல, அதைச் சரியாக் குடுத்துச்சு. மத்தவங்க முன்னாடி நானும் அக்கான்னு கூப்பிட முடியாது. சலேத்மேரின்னு கூப்பிட ஆரம்பிச்சேன். 'போங்க வாங்க'ன்னுதான். முதல் தடவை கூப்பிட்டப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. எதுவும் ஒரு வாரம்தாம்மா.

அடுத்த வருசம் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். பத்திரிகையை என் சீட்டுல வந்து குடுத்துச்சு. தாம்பாளத்துல வெச்சு முறையாத்தான் குடுத்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். பேருக்குக் கீழ ஒண்ணும் போடல. உதவியாளர்னுகூடப் போடல. சும்மா 'சலேத்மேரி'. எதுக்குப் போடலைன்னு நான் கேக்கல. பத்து நாள் லீவு கேட்டுச்சு. ஆபீசரு ஏழு நாள்தான் குடுக்கச் சொன்னாரு. நான் பேசி பத்து நாளும் வாங்கிக் குடுத்தேன். என்னால முடிஞ்சதை நான் செய்யாம இருந்ததில்ல.

ரிட்டயர்மென்ட்டும் அப்படித்தான். பத்தொம்பது மே மாசம் அக்காவுக்கு அம்பத்தெட்டு முடிஞ்சுச்சு. அந்த பென்சன் பேப்பரை நான் விட்ட வேகத்துக்கு எங்க ஆபீஸ்ல யாருக்கும் போனதில்ல. எட்டு மாசம் முன்னாடியே சர்வீஸ் ரெஜிஸ்டரை எடுத்து, விட்டுப்போன கையெழுத்தெல்லாம் வாங்கி, நானே மதுரைக்குக் கொண்டு போயி, நானே காத்திருந்து வாங்கிட்டு வந்தேன். ரிட்டயர் ஆகுற அன்னைக்கே ஆர்டர் கையில. எத்தனை பேருக்கு அப்படிக் கிடைக்கும்? அக்கா வாங்கிப் பாத்துட்டு, "தேங்க்ஸ் மேடம்"னுச்சு.

எனக்கு அதுக்கப்புறம் அம்பத்தெட்டை அறுபதாக்கிட்டாங்க. அதுவும் எனக்குத்தான் வாச்சுது. போன வருசத்துக்கு முந்தின வருசம் மே மாசம்தான் நானும் வெளிய வந்தேன்.

இப்ப உங்க விசயத்துக்கு வாறேன். உங்க இருபத்தாறு பேருல யாரு எப்பச் சேந்தாங்கன்னு முதல்ல பிரிச்சு எழுதுங்க. ஒரே மாதிரி இருக்கிறவங்க மட்டும் ஒரு மனு போடுங்க. இவங்க பாவம், அவங்க பாவம்னு எல்லாரையும் உள்ள இழுத்துக்காதீங்க. பின்னால கழட்டிவிடுறது கஷ்டம். ஆரம்பத்துலயே சேக்காம விட்டுட்டா அது நல்லது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

என்ன கேட்டீங்க? அக்கா இப்ப எங்கயா? தேவகோட்டையில பொண்ணுகூட இருக்கு. நம்பர் இருக்கு. பேசினதில்ல. என்னத்தைப் பேசுறது?

இந்த மே மாசம் பாத்தேன். பென்சன்காரங்க வருசத்துக்கு ஒரு தடவை, ரிட்டயர் ஆன மாசத்துல, கருவூலத்துக்கு நேர்ல போயி ஆளைக் காட்டணும்ல. உசுரோட இருக்கோமான்னு பாக்க. ரெண்டு பேருக்கும் மே மாசம். நான் போயி டோக்கன் வாங்கினேன், ஆறு. திரும்பிப் பாக்குறேன், கடைசி பெஞ்சுல அக்கா. கம்பு வெச்சிருக்கு. முட்டி ஆபரேசன் பண்ணியிருக்காம். முடியெல்லாம் கொட்டிப் போச்சு. கூட யாரும் இல்ல.

பக்கத்துல போயி நின்னேன். என்னைப் பாத்ததும் கம்பை ஊனிக்கிட்டு எந்திரிக்கப் போச்சு. வேணாம் உக்காருங்கன்னேன். கையில டோக்கனைப் பாத்தேன். முப்பத்தியெட்டு.

"மத்தியானம் ஆயிருமே. இந்தாங்க, என்னோடது ஆறு. நீங்க முன்னாடி போங்க, நான் அதை வெச்சுக்கிறேன். எனக்கு வீடு பக்கத்துல."

நீட்டினேன். சத்தியமா மனசாரத்தான் நீட்டினேன்மா.

அக்கா டோக்கனைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. கோவமெல்லாம் இல்ல. எப்பவும் இருக்கிற முகம்தான்.

"வேணாம் மேடம். என் நம்பர் வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ரிட்டயர் ஆகி ஆறு வருசம். நானும் ரிட்டயர்டு. இன்னும் மேடம். அங்க ஆபீஸ் இல்ல, சீட்டு இல்ல, என்னைத் திலகம்னு கூப்பிட்டா யாரு கேக்கப் போறா? அதைச் சொல்லணும்னுதான் நின்னேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. முதல்ல நான் அக்கான்னு கூப்பிடணுமா, இல்ல அது கூப்பிடுறதுக்காக நான் காத்திருக்கணுமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள கவுன்டர்ல 'ஆறு'ன்னு கூப்பிட்டுட்டாங்க.

"கூப்பிடுறாங்க மேடம், போங்க"ன்னுச்சு.

போனேன். முகத்தைப் பாத்தாங்க, விரலை மிசின்ல வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். ரேகை முதல்ல விழல. மறுபடியும் வெச்சேன், விழுந்துச்சு. உசுரோட இருக்கேன்னு பதிஞ்சுக்கிட்டாங்க. அந்தக் கவுன்டருக்குப் பக்கத்துலயே இன்னொரு வாசல் இருக்கு, நேரா ரோட்டுக்குப் போறது. நான் அதுவழியா வந்துட்டேன்.